ஷகிலாவுக்குப் பக்கத்து நாற்காலி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு ஷகிலாவின் மேல் பொறாமை. அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. பணி ஓய்வு பெற்றவர்களைப் பேசச் சொன்னால், கூட வேலை பார்த்த எல்லாரையும் உடன்பிறப்பு என்று சொல்லிவிட்டு சால்வையை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். எனக்கு அந்தப் பெருந்தன்மை வராது. கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக, வேலை பார்த்துக்கொண்டே புரோகிராமிங் படித்த அனுபவத்தை எழுதித் தரும்படி மேனேஜர் கேட்டார். எழுத உட்கார்ந்தால் முதலில் வந்து நிற்பது அவள் முகம்தான். நீங்கள் தினமும் 'மேடம், மேடம்' என்று கூப்பிடுகிறீர்களே, அதே ஷகிலா.

என்னை உங்களுக்குத் தெரியாது. பெயர் மல்லிகா. ஊர் பெண்ணாடம். விருத்தாசலத்தில் இதே பீங்கான் கம்பெனியில் கல்யாணமான புதிதில் சேர்ந்து, தலை நரைத்து வெளியே வந்தவள். வாஷ்பேசினும் கழிப்பறைக் கோப்பையும் செய்கிற இடத்தில் என் வேலை தட்டிப் பார்ப்பது. சூளையில் வெந்து வருகிற ஒவ்வொன்றையும் சின்ன மரச்சுத்தியால் தட்ட வேண்டும். நல்ல சரக்கு கணீரென்று பேசும். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் செத்து வரும். செத்த சத்தம் கேட்டால் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு பின்பக்கக் குவியலுக்கு அனுப்பிவிட்டு அடுத்ததை எடுப்போம். மேல்பூச்சில் மட்டும் குறை என்றால் மறுபடி பூசி, இரண்டாம் முறை சூளைக்கு விடுவதுண்டு. அதை ரீஃபயர் என்போம். விரிசலுக்கு அந்த இரக்கமும் கிடையாது. வெந்த பீங்கானில் விரிசலை யாராலும் ஒட்ட முடியாது.

எங்கள் மேசையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு பேசினின் அடியிலும் அதைச் செய்தவரின் எண் குத்தியிருக்கும். தட்டிய பிறகுதான் திருப்பி அந்த எண்ணைப் பார்க்க வேண்டும். முன்னாலேயே பார்த்துவிட்டால், பிடித்தவர் சரக்கு கொஞ்சம் நன்றாகக் கேட்கும், பிடிக்காதவர் சரக்கு கொஞ்சம் மோசமாகக் கேட்கும். காது அவ்வளவு யோக்கியமானது கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இந்த வேலை முழுக்க நின்றபடியே செய்கிற வேலை. ஐம்பதை நெருங்கும்போது என் கால்களில் நரம்பு சுருண்டு புடைத்துக்கொண்டது. சாயங்காலம் பஸ்ஸில் ஏறவே படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துத் தொங்க வேண்டியிருந்தது. "இனிமே நின்னுக்கிட்டு பாக்குற வேலை ஆவாதும்மா, உக்காந்த வேலை கேளுங்க, இல்லன்னா வேலைய விட்டுடுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். உட்கார்ந்த வேலை கேட்டால் கொடுக்க எங்கள் பக்கத்தில் என்ன இருக்கிறது? நாற்காலி இருந்ததெல்லாம் ஆபீஸ் பக்கம். வேலையை விடுகிற நிலையில் வீடும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மேனேஜர் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். "உற்பத்திக் கணக்கு பூரா கம்ப்யூட்டருக்கு மாத்தப் போறோம். நம்ம ஆளுங்கள்ல யாராச்சும் புரோகிராம் எழுதக் கத்துக்கிட்டு, நம்ம கணக்கையே எழுதிக் காட்டினா அந்த சீட்டு அவங்களுக்கு. இல்லன்னா சென்னையிலேர்ந்து ஆள் வரும். பொங்கல் வரைக்கும் டைம்."

எனக்கு வேறெதுவும் காதில் விழவில்லை. அந்த 'சீட்டு' என்ற சொல் மட்டும் விழுந்தது. பெயர் கொடுத்தவர்கள் பலர். ஆடி முடிவதற்குள் முக்கால்வாசிப் பேர் கழன்றுகொண்டார்கள். புரட்டாசியில் மிஞ்சியது நானும் ஷகிலாவும்.

ஷகிலா மங்கலம்பேட்டைக்காரி. என்னைவிட மூன்று நான்கு வயது இளையவள். சூளைக்கு முந்தைய பக்கத்தில் வேலை. அச்சிலிருந்து எடுத்த பச்சைச் சரக்கை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, மேடு பள்ளத்தைச் சரி செய்து, காய வைக்கிற பிரிவு. வீட்டுக்காரர் குவைத்தில். பையன் போட்டுவிட்டுப் போன லேப்டாப் ஒன்று வீட்டில் இருந்தது. என்னிடம் இருந்தது ஒரு மூலை உடைந்த போன். அவள் பஸ் அரை மணியில் ஊர் சேர்த்துவிடும். என் பஸ், ஆலை ஓடுகிற மாதங்களில், கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் நின்று நின்று போகும். காலையில் எழுந்தால் அவளிடம் காப்பி கேட்க ஆள் கிடையாது. என் வீட்டில் கேட்க மூன்று பேர். இந்தக் கணக்கெல்லாம் நான் அப்போது மனசுக்குள் போட்டு வைத்திருந்தது. படிப்பில் செலவழித்ததைவிட இதில் அதிக நேரம் செலவழித்திருப்பேன்.

எப்படிப் படித்தேன் என்று கேட்டால், முதல் இரண்டு மாதம் படிக்கவே இல்லை என்பதுதான் பதில். படிக்கிற மாதிரி இருந்தேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, வீடியோ பார்ப்பேன். சொல்பவர் சொல்லச் சொல்ல எல்லாம் புரியும். தலையை ஆட்டிக்கொண்டே பெண்ணாடம் வந்துவிடுவேன். பக்கத்தில் உட்கார்ந்தவர் 'சீரியலாம்மா?' என்று கேட்டால் 'பைத்தானு, கம்ப்யூட்டர் பாஷை' என்று சொல்லிக்கொள்ளப் பெருமையாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆன்லைனில் ஒரு வகுப்பு நடக்கும், பெயர் கொடுத்த நாங்களும் அதில் சேர்ந்திருந்தோம். நடத்திய அம்மாவின் முகத்தை நாங்கள் பார்த்ததே இல்லை. பெயர்கூடச் சொன்னதில்லை. குரல் மட்டும் வரும், பின்னால் குக்கர் விசில் வரும். ஒருநாள் அந்த அம்மா திடீரென்று என்னைக் கேட்டுவிட்டார்.

"மல்லிகாங்க, போன வாரம் லூப்பு பாத்தோம்ல, ஒரே வேலைய திரும்பத் திரும்பச் செய்யச் சொல்றது, அத வச்சு ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் எழுதிக் காட்டுங்க."

"தெரியுங்க மேடம். போன வாரமே ரெண்டு தடவ பாத்தேன்."

"பாத்தது சரிங்க. எழுதுங்க."

எழுத வரவில்லை. கை அந்தரத்தில் நின்றது. போனுக்குள் அத்தனை பேர் மூச்சுவிடாமல் காத்திருப்பது தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "நான் போடட்டுங்களா மேடம்?" என்று ஒரு குரல். ஷகிலா. போட்டும் காட்டினாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "மல்லிகாங்க, புரிஞ்ச மாதிரி இருக்குறது வேற, புரியுறது வேற. வீடியோவுல ஒரு விஷயம் சொல்லி முடிச்சதும் நிறுத்திடுங்க. மூடிட்டு எழுதுங்க. வரலன்னா மறுபடி பாருங்க. அஞ்சு நிமிஷ வீடியோ முடிய ஒரு மணி நேரம் ஆனாலும் ஆவட்டும்" என்றார். குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. அவர் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பாடத்தைத் தொடர்ந்தார்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்பும் பழக்கங்களில் இது ஒன்று. மூடிவிட்டு எழுதுங்கள். இன்று கேட்டால் எதையும் எழுதிக் கொடுக்கக் கம்ப்யூட்டரே தயாராக இருக்கிறது. வாங்கிக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கியதை மூடிவைத்துவிட்டு ஒருமுறை உங்கள் கையால் எழுதிப் பாருங்கள். வரவில்லை என்றால் அது இன்னும் உங்களுடையதாகவில்லை.

மறுநாளிலிருந்து கரும்பு டிராக்டர்கள் என் பள்ளிக்கூடமாயின. பஸ் நின்றால் வீடியோ நிற்கும், நான் போனில் எழுதுவேன். பஸ் நகர்ந்தால் வீடியோ நகரும். சர்க்கரை ஆலைக்கு முன்னால் வண்டி வரிசை நீண்டு கிடந்தால் டிரைவரோடு சேர்ந்து எல்லாரும் திட்டுவார்கள், நான் மட்டும் வாயைத் திறக்க மாட்டேன். மங்கலம்பேட்டை ரோட்டில் இப்படி ஒரு வசதி கிடையாது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டேன். அற்ப சந்தோஷம்தான். ஆனால் அது என்னைத் தினமும் எழுத வைத்தது.

அப்படியும் அவள் முன்னால் போய்க்கொண்டே இருந்தாள். நான் ஒரு புரோகிராமை முடிக்க நாலு நாள் தவித்தால், அவள் அதை மறுநாளே கொண்டுவந்து கேன்டீனில் காட்டுவாள். ஏதோ ரகசியம் வைத்திருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். தனியாக யாரிடமோ டியூஷன் போகிறாள், குவைத்திலிருந்து வீட்டுக்காரர் சொல்லித் தருகிறார், தனி ரூம், ஏசி, மேசை, பெரிய விளக்கு. என் கற்பனையில் அவளுக்கு என்னென்ன வசதிகளோ செய்து கொடுத்துவிட்டேன்.

வருஷா வருஷம் பண்டிகைக்குக் கூப்பிடுவாள், நான் போனதில்லை. அந்த வருஷம் பக்ரீத்துக்கு அடுத்த ஞாயிறு, அவள் கூப்பிடாமலே போய் நின்றேன். வேவு பார்க்கத்தான்.

"அல்லா, மல்லிகாவா! வா வா. வூடு ஒரே கந்தலா கெடக்குது, கண்டுக்காத."

"எங்க படிக்கிற?"

"வந்ததும் வராததுமா என்னா கேள்வி இது? தண்ணி குடி மொதல்ல."

சமையல்கட்டுக்கு அழைத்துப் போனாள். அரிசி டிரம்மின் மூடிமேல் லேப்டாப் திறந்து கிடந்தது. அவ்வளவுதான் அவளுடைய தனி ரூமும் மேசையும். அடுப்பில் பிரியாணி தம்மில் இருந்தது. உள் அறையில் படுத்த படுக்கையாக இருந்த மாமியார் நிமிஷத்துக்கு ஒரு தரம் "ஷகிலா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் "தோ வரேன்" என்று போவாள், வருவாள், நின்றபடியே இரண்டு எழுத்து தட்டுவாள், மறுபடி போவாள். என் வீட்டில் காப்பி கேட்கும் மூன்று பேரை நினைத்துக்கொண்டேன். அந்தக் கணக்கில் நான் தோற்றுப்போனது எனக்குப் பிடிக்கவில்லை.

லேப்டாப் திரையில் சிவப்பு எழுத்தாகப் பிழைச் செய்தி வந்து நின்றது. எனக்குள் ஒரு குளிர்ச்சி.

"ஐயையோ, போச்சா? மறுபடி மொதல்லேர்ந்தா?" என்றேன்.

"எதுக்கு மொதல்லேர்ந்து?"

"எர்ரரு வந்துடுச்சே."

"வந்தா என்னா? எங்க ஒடஞ்சுதுன்னு அதுவே சொல்லுது பாரு, இந்த வரியிலன்னு. நீ என்னா பண்ணுவ?"

"அழிச்சுடுவேன்."

"எத? அந்த வரியவா?"

"பூராத்தையும்."

கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வந்து, முந்தானையால் துடைத்து, மறுபடி சிரித்தாள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாமா என்று இருந்தது எனக்கு.

"ஏ மல்லிகா, இது வெந்த சரக்கு இல்லடி" என்றாள் கடைசியில். "பச்ச. தண்ணி தொட்டுத் தடவினா ஒட்டிக்கும். இத எவளாச்சும் குவியல்ல போடுவாளா?"

நாலு நாள் தவிப்பின் காரணம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு பிழை வந்தால் போதும், என் காதில் செத்த சத்தம் கேட்டுவிடும். கை தானாக முழுதையும் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை ஆரம்பிக்கும். வாழ்நாளெல்லாம் வெந்த பீங்கானைத் தட்டிய கைக்கு அதுதான் ஒழுங்கு. அவளோ வாழ்நாளெல்லாம் ஈரக்களிமண்ணைத் தொட்டவள். மூக்கு உடைந்தால் ஒட்டு, பள்ளம் விழுந்தால் நிரப்பு, கோணல் என்றால் நிமிர்த்து. அதையே புரோகிராமிலும் செய்தாள். டியூஷனும் கிடையாது, ஏசியும் கிடையாது. ஒரே கம்பெனியில் இத்தனை காலம் இருந்தும் சூளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எங்களை வேறு வேறு ஆளாக ஆக்கி வைத்திருந்தது.

அன்று அவளிடமிருந்து இன்னொன்றையும் திருடிக்கொண்டு வந்தேன். கிளம்பும்போது பார்த்தால், பாதி எழுதிய ஒரு வரியை அப்படியே விட்டுவிட்டு லேப்டாப்பை மூடினாள். "முடிச்சுட்டு மூடேன்" என்றேன். "ஈரத்துணி போட்டு வச்சிருக்கேன்" என்றாள். அவர்கள் பிரிவில் முடியாத பச்சைச் சரக்கை ராத்திரி ஈரத்துணியால் மூடிவிட்டுப் போவார்கள். காய்ந்து போகாது, காலையில் வந்ததும் அதே இடத்திலிருந்து கை வைக்கலாம். வேலைக்குப் போய் வந்து படிக்கிறவர்களுக்கு உட்கார்ந்ததும் எங்கே ஆரம்பிப்பது என்று தேடுவதிலேயே தெம்பு போய்விடும். முழுதாக முடித்துவிட்டு எழுந்தால் மறுநாள் புது இடத்தில் ஆரம்பிக்க வேண்டும். பாதி வரியில் விட்டுவிட்டு எழுந்தால் அந்தப் பாதி வரி உங்களைக் கூப்பிடும். செய்து பாருங்கள். இது ஷகிலாவுடையது என்று சொல்ல எனக்கு மனசில்லை, ஆனாலும் அவளுடையதுதான்.

பிறகு நானும் வேகம் பிடித்தேன். பொங்கல் நெருங்கும்போது எங்கள் இருவரிடமும் ஆளுக்கொரு புரோகிராம் இருந்தது. எத்தனை பேசின் அச்சில் வார்த்தார்கள், எத்தனை வெந்தது, எத்தனை தேறியது, எத்தனை குவியலுக்குப் போனது என்று கணக்கு சொல்ல வேண்டும். அவளுடையது பார்க்க அழகாக இருந்தது. மாதக் கணக்கு, பிரிவு வாரியாக, எந்தப் பட்டனைத் தட்டினாலும் வந்து நின்றது. என்னுடையது தட்டுத்தடுமாறி ஒருநாள் கணக்கை மட்டும் சொல்லும். மேனேஜர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டையும் பார்ப்பதாக இருந்தது. என் கால் அன்று காலையிலேயே வீங்கிப் போயிருந்தது.

காலை டீ நேரத்தில் கேன்டீன் பெஞ்சில் அவள் லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டு டீ வாங்கப் போனாள். நான் அதை என் பக்கம் இழுத்தேன். உதவி செய்யும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. ஏதாவது குறை இருக்காதா என்ற ஆசை. முந்தின நாள் என் மேசைக்கு ரீஃபயர் சரக்கு நிறைய வந்திருந்தது. அந்தக் கணக்கைத் தட்டினேன்.

வார்த்ததைவிட வெந்தது அதிகம் என்று வந்து நின்றது.

மறுபடி தட்டினேன். அதேதான். இரண்டாம் முறை சூளைக்குப் போய் வந்த பேசினைப் புதுப் பேசின் என்று எண்ணிக்கொண்டிருந்தது அவளுடைய புரோகிராம். என்னுடையது மற்றதில் எல்லாம் மோசம், இதில் சரி. ரீஃபயர் என் மேசையின் விவகாரம் என்பதால் முதல் நாளே அதை எழுதியிருந்தேன். மேனேஜர் தன் கையில் இருக்கும் போன மாதக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். பார்த்த உடனே பிடித்துவிடுவார். நாற்காலி எனக்கு.

ஷகிலா டீக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். திரும்பி என்னைப் பார்த்து, சர்க்கரை கம்மியா என்று கையால் கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். லேப்டாப்பை அவள் பக்கம் தள்ளிவைத்தேன்.

அந்தக் கொஞ்ச நேரத்தில் என்னென்னவோ ஓடியது. நான் சொல்லித்தர வேண்டும் என்று சட்டமா? அவளுக்கு நிற்க முடியும், எனக்கு முடியாது. பையன் சம்பாதிக்கிறான், வீட்டுக்காரர் அனுப்புகிறார். எல்லாம் நியாயமாகவே இருந்தது. ஆனால் காதில் அந்தச் செத்த சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இத்தனை வருஷத்தில் விரிசல் தெரிந்து ஒரு பேசினைக்கூட நான் தாண்டவிட்டதில்லை. யார் எண் என்று பார்த்துத் தட்டியதில்லை. அன்று முதல்முறையாக எண்ணைப் பார்த்துவிட்டுத் தட்டியிருந்தேன். இதைத் தாண்டவிட்டால், இத்தனை நாள் தட்டியதெல்லாம் எதற்கு? கோபம் கோபமாக வந்தது. அவள் மேலா என் மேலா என்று தெரியவில்லை.

டீயை வைத்தாள்.

"ஷகிலா, இது சத்தம் செத்து வருது" என்றேன்.

"எது?"

"உன் புரோகிராமு. ரீஃபயர் சரக்க ரெண்டு தடவ எண்ணுது. மதியம் சார் பாத்தாருன்னா காறித் துப்புவாரு."

கடைசி வரியைச் சேர்த்திருக்க வேண்டாம். சேர்க்காமல் இருக்க முடியவில்லை.

"ரீஃபயர்னா?" என்றாள்.

இத்தனை வருஷம் இதே கம்பெனியில் இருந்தவளுக்கு அது தெரியவில்லை. காய்ந்த சரக்கு சூளைப் பக்கம் போன பிறகு என்ன ஆகிறது என்று அவர்கள் பார்த்ததே இல்லை. சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. ஒரு நிமிஷம்தான். கையைத் துடைத்துக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். ஒரு வரி மாற்றினாள், "தட்டு" என்றாள். தட்டினேன். செத்தது. இன்னொரு வரி மாற்றினாள். "தட்டு." ஒரு வண்டிச் சரக்கு முழுக்க உடைந்துபோன நாளைப் போட்டேன். புரோகிராம் நின்றுவிட்டது. ஒட்டினாள். தட்டினேன். எங்கள் இருவரின் டீயும் ஆடை கட்டிப்போனது. சங்கு ஊதும்போதுதான் கணீரென்று பேசியது. மனசுக்குள் வயிற்றெரிச்சலோடு சேர்ந்து ஒரு நிறைவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

மதியம் மேனேஜர் என்னுடையதை முதலில் பார்த்தார். "சரியா இருக்குதும்மா, ஆனா ஒருநாள் கணக்குதானே வருது" என்றார். பிறகு அவளுடையதைப் பார்த்தார். போன மாதக் கணக்கோடு ஒப்பிட்டார். புருவம் ஏறியது.

"ரீஃபயர கரெக்டா கழிச்சிருக்கியேம்மா. இத எங்க கண்டுபுடிச்ச?"

"நான் கண்டுபுடிக்கல சார். மல்லிகா தட்டிப் பாத்து சொன்னா."

"அப்டியா? நல்லது. சீட்டு உனக்குதான்மா" என்றார் அவர்.

எதிர்பார்த்ததுதான். இனி மறுபடி தட்டுகிற மேசைக்கே போய் நிற்க வேண்டும்.

"அப்ப ரெண்டு சீட்டு போடுங்க சார்" என்றாள் ஷகிலா.

"ஒண்ணுக்குதான்மா உத்தரவு."

"அப்ப நான் ஸ்பாஞ்சுக்கே போறேன் சார். நான் ஒட்டுறவ. ஒடஞ்சிருக்குதா இல்லையான்னு எனக்குத் தெரியாது, காலையில பாத்துட்டேன். தட்டிப் பாக்க ஆளில்லாம எழுதினேன்னா உங்க கணக்கு பூரா கோணலாதான் வரும். அப்பறம் என்ன திட்டக் கூடாது."

நான் ஒன்றுக்காகக் காத்திருந்தேன். 'பாவம் சார், அவ காலப் பாருங்க' என்று ஒரு வார்த்தை அவள் வாயில் வரட்டும், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடலாம் என்று. வரவே இல்லை. வேலைக்கு என்ன தேவையோ அதை மட்டும் கேட்டாள். மறுக்க எனக்கு இடமே கொடுக்கவில்லை. மேனேஜர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார், உள்ளே பார்த்தார், கடைசியில் "ஸ்டோர்ல ஒரு பழைய நாற்காலி கெடக்கும், எடுத்துப் போட்டுக்கங்க. மேல பேசுறேன்" என்றார்.

அந்த நாற்காலிக்கு ஒரு பக்கம் கை கிடையாது. அவளுக்குச் சுழல்கிற நாற்காலி வந்தது. அதையும் நான் பொறாமையோடுதான் பார்த்தேன். ஓய்வு பெறும் வரை அந்தக் கை இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து அவள் எழுதியதையெல்லாம் தட்டினேன். என் கால்கள் எனக்குத் திரும்பக் கிடைத்தன. புத்தியில் அவள் என்னை முந்தியதை எப்படியோ பொறுத்துக்கொண்டுவிட்டேன். அன்று மேனேஜர் ரூமில் அவள் நடந்துகொண்ட விதத்தில் என்னை முந்தினாளே, அதை மட்டும் இன்னும் செரிக்க முடியவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் கேட்டிருப்பேனா என்று எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். பதில் சொல்லத் தைரியம் வந்ததில்லை.

அதனால் உங்களிடம் 'பொறாமைப்படாதீர்கள்' என்று சொல்ல எனக்கு வாய் வராது. பொறாமை வந்தால் வரட்டும். தூரத்தில் உட்கார்ந்து அவர்களுக்கு ஏசி ரூம் கட்டிக் கொடுக்காதீர்கள். கிட்டப் போய் அரிசி டிரம்மைப் பாருங்கள். பக்கத்தில் உட்காருங்கள். உங்கள் கைக்கு எது பழக்கமோ அது அவர்களுக்கு இருக்காது, அவர்களுடையது உங்களுக்கு இருக்காது.

போன வாரம் ஷகிலா போன் செய்தாள். புதிதாக ஏதோ ஒன்று படிக்க ஆரம்பித்திருக்கிறாளாம், விஷயத்தைச் சொல்லிக்கொண்டே போனாள், எனக்குப் பாதி புரியவில்லை. எரிச்சலை அடக்கிக்கொண்டு, "யாரு தட்டிப் பாக்குறா?" என்று கேட்டேன்.

"யாருமில்ல. ஒன் நாற்காலி காலியாதான் கெடக்குது. சார் புதுசு வாங்கித் தரேன்னாரு, வேணாம்னுட்டேன். புதுசா சேந்த புள்ளைங்கள்ல ஒண்ண அதுல உக்கார வைக்கலாம்னு பாக்குறேன்."

உங்களில் யார் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. யாராக இருந்தாலும் சரி, வலது பக்கம் சாயாதீர்கள், அந்தப் பக்கம்தான் கை கிடையாது. அவள் "தட்டு" என்று சொன்னால் எழுதியது யார் என்று மறந்துவிட்டுத் தட்டுங்கள். உங்கள் பெயர்கூட எனக்கு இன்னும் தெரியாது, அதற்குள் உங்கள் மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.